மவுன்ட் வெர்னான்: வாஷிங்டனின் பண்ணை யார் யார் கைக்குப் போனது?

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த இடம், வர்ஜீனியாவில் உள்ள மவுன்ட் வெர்னான் பண்ணை. அதன் கதையில் கை மாறியது நிலம் மட்டுமல்ல, மனிதர்களும்தான்.

வாஷிங்டனுக்கு எப்படி வந்தது?

1674-ல் அவரது கொள்ளுத்தாத்தா ஜானுக்குக் கிடைச்ச நிலம் இது. மவுன்ட் வெர்னான்னு பெயர் வைத்தவர் அண்ணன் லாரன்ஸ். அவர் இறந்த பிறகு 1754-ல் ஜார்ஜ் குத்தகைக்கு எடுத்தார். 1761-ல் அண்ணியும் இறக்க, பண்ணை அவருக்கே சொந்தமானது. பின்னர் அதை சுமார் 8,000 ஏக்கராக விரிவாக்கினார்.

உழைத்தது யார்?

1799-ல் வாஷிங்டன் இறந்தபோது அங்கே 317 அடிமைகள் இருந்தாங்க. அவருக்குச் சொந்தமான 123 பேரை விடுவிக்க உயில் எழுதியிருந்தார். 1801 ஜனவரி 1-ல் மனைவி மார்த்தா அவர்களை விடுவித்தார்.

ஆனால் 153 பேர், மார்த்தாவின் முதல் கணவர் வழி வந்த குடும்பச் சொத்து. அவர்களை விடுவிக்கும் உரிமை சட்டப்படி இருவருக்குமே இல்லை. மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். 1802-ல் மார்த்தா இறந்ததும், அந்த 153 பேரும் அவரது பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு போடப்பட்டனர். கணவனுக்கு விடுதலை, மனைவிக்கு இல்லை என்று பல குடும்பங்கள் பிரிந்தன.

அப்புறம் என்ன ஆச்சு?

பண்ணை வாஷிங்டனின் தம்பி மகனும் உச்ச நீதிமன்ற நீதிபதியுமான புஷ்ராடுக்குப் போனது. அவர் 1821-ல் 54 அடிமைகளை விற்றார்.

இப்போ யாரிடம் இருக்கு?

1858-ல் மாளிகையையும் 200 ஏக்கரையும் 2 லட்சம் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது, மவுன்ட் வெர்னான் மகளிர் சங்கம். இன்றும் அதுதான் உரிமையாளர். அடிமைகள் புதைக்கப்பட்ட இடத்தில் 1983-ல் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது.