பத்து விரல்களும் ஒரு பள்ளிவாசல் முற்றமும்

அஸீஸுல் ஹக் என்ற பெயர் நமது பாடப்புத்தகங்களில் இல்லை. பல ஆண்டுகள் வரலாறு கற்பித்த நானும் அந்தப் பெயரைப் பாடப்புத்தகத்துக்கு வெளியேதான் கண்டெடுத்தேன். 1872இல் அன்றைய வங்காளத்தின் குல்னாப் பகுதியில் பிறந்த இவர், கல்கத்தா பிரசிடென்ஸிக் கல்லூரியில் கணிதம் படித்தவர். அக்காலத்தில் வங்காளத்தின் பொலிஸ் மா அதிபராக இருந்த எட்வர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேயருக்குக் கணிதம் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். அஸீஸுல் ஹக் உப பரிசோதகராகச் சேர்ந்தார். அங்கே ஹேம் சந்திர போஸ் என்ற மற்றொரு வங்காளியும் இருந்தார். இந்த இருவரும் கூடிச் செய்த வேலை இன்று உலகத்தின் பல விமான நிலையங்களிலும் நமது விரல்களுக்காகக் காத்திருக்கிறது.

கைநாட்டு நமக்குப் புதிதல்ல. எழுதத் தெரியாத மனிதர் உறுதிப்பத்திரத்தில் பெருவிரலை அழுத்துவதையே நாம் அந்தச் சொல்லால் குறிக்கிறோம். நம் ஊர்களில் 'கைநாட்டு' என்பது ஏளனச் சொல்லாகவும் வழங்கிற்று. ஆனால் அரசாங்கம் இந்த ரேகையில் வேறொன்றைக் கண்டது. 1858இல் ஹூக்ளி நதிக்கரையில் ஜங்கிபூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், வீதி போடுவதற்குப் பொருட்கள் வழங்க வந்த ராஜ்யதர் கொனாய் என்ற ஒப்பந்தக்காரரின் முழுக் கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறம் பதித்துக்கொண்டார். பின்னாளில் அந்த மனிதர் கையெழுத்தை மறுத்துவிடாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். பெருங்கிளர்ச்சி ஓய்ந்தும் ஓயாத வேளை அது. ஆளப்படுவோரின் சொல்லை ஆள்வோர் நம்பாத காலத்தில் பிறந்த உத்தி என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ரேகையை எடுப்பது எளிது, தேடுவதுதான் கடினம். பத்தாயிரம் பேருடைய ரேகைத் தாள்கள் குவிந்திருக்கும்போது பிடிபட்டவரின் தாளை எப்படிக் கண்டுபிடிப்பது? இலண்டனில் பிரான்ஸிஸ் கால்ட்டன் 1892இல் இதுபற்றி நூலே எழுதியிருந்தும் இந்த முடிச்சு அவிழவில்லை. கல்கத்தாவில்தான் அவிழ்ந்தது. பத்து விரல்களையும் ஐந்து சோடிகளாகப் பிரித்தார்கள். முதற் சோடியின் விரலில் சுழி இருந்தால் 16, அடுத்ததில் 8, பின்னர் 4, 2, 1. சுழி இல்லையேல் பூச்சியம். சோடிக்கு ஒன்றாக விரல்களை இரு அணியாக வைத்துக் கூட்டி, ஒன்றைச் சேர்த்தால் ஒவ்வோர் அணிக்கும் 1 முதல் 32 வரையான ஓர் எண் கிடைக்கும். முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்க 1024. ஆகவே 1024 மாடங்கள் கொண்ட ஓர் அலுமாரி போதும், எந்த மனிதனின் தாளும் ஏதோ ஒரு மாடத்தில்தான் இருக்கும். இந்தக் கணக்கில் அஸீஸுல் ஹக்கின் கை பெரிது என்பதை இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொள்கின்றனர். உலகம் மட்டும் அதனை 'ஹென்றி முறை' என்றே அழைத்து வருகிறது.

1897இல் கல்கத்தாவில் ரேகைக் காரியாலயம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது நீதிமன்றம் ஏறிற்று. ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட முகாமையாளர் ஒருவர் கொலையுண்டு, பணமும் களவு போயிருந்தது. அவருடைய உடைமைகளிடையே கிடந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் இரத்தக்கறை படிந்த விரலடையாளம் ஒன்று. அது முன்னொருமுறை தண்டனை பெற்ற காங்காலி சரண் என்பவருடையதாக இருந்தது. நீதிமன்றம் களவுக்குத் தண்டித்தது, கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. விரல் அங்கே இருந்ததைத்தான் ரேகை சொல்லும், அந்த விரல் என்ன செய்தது என்பதைச் சொல்லாது என்று முதல் வழக்கிலேயே புரிந்துகொண்ட நடுவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஹென்றி 1900இல் தென்னாபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். போயர் யுத்தத்தில் பிரித்தானியர் கைப்பற்றிய ஜொஹன்னஸ்பேர்க், பிரிட்டோரியா நகரங்களில் பொலிஸ் படையை ஒழுங்கு செய்வது அவருக்கிட்ட பணி. 1901இல் ஸ்கொட்லண்ட் யார்டுக்குப் போய் அங்கும் ரேகைப் பிரிவைத் தொடங்கினார். குற்றவாளிகளுக்காக உண்டான அலுமாரி குற்றமே செய்யாதவர்களை நோக்கித் திரும்பிய கதை இனித்தான் வருகிறது.

1906 ஓகஸ்ட் மாதம் டிரான்ஸ்வால் வர்த்தமானியில் ஆசியர் சட்டத் திருத்த மசோதா ஒன்று வெளியாயிற்று. எட்டு வயதும் அதற்கு மேலுமான ஒவ்வோர் ஆசியரும் பதிய வேண்டும். பத்து விரல்களின் ரேகையையும் கொடுக்க வேண்டும். பொலிஸார் கேட்டால் கேட்ட இடத்தில் பத்திரத்தைக் காட்ட வேண்டும். பத்திரத்தைப் பரிசோதிக்கப் பொலிஸார் தனியார் வீடுகளினுள்ளும் நுழையலாம் என்று காந்தி தமது தென்னாபிரிக்க நினைவுகளில் எழுதுகிறார். மறுத்தால் அபராதம், சிறை, நாடு கடத்தல். எட்டு வயதுப் பிள்ளையின் பத்து விரல்களையும் மையில் தோய்க்கும் ஓர் அரசாங்கத்தை எண்ணிப் பாருங்கள். குடியேற்றத்தில் மோசடி நடக்கிறது, களவாக ஆட்கள் வந்து சேர்கிறார்கள் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். காரணம் சொல்லாமல் எந்த அரசாங்கமும் பட்டியல் போட்டதில்லை.

செப்டெம்பர் 11ஆந் திகதி ஜொஹன்னஸ்பேர்க் எம்பயர் தியேட்டரில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கூடினார்கள். தலைமை வகித்தவர் வர்த்தகரான அப்துல் கனி. சட்டத்துக்குப் பணிவதில்லை என்ற தீர்மானத்தை அல்லாஹ்வைச் சாட்சியாக்கிச் சத்தியம் செய்து நிறைவேற்றுவோம் என்று மேடையில் சொன்னவர் ஹாஜி ஹபீப். அது காந்தி எதிர்பாராதது. கைதூக்கி நிறைவேற்றும் தீர்மானத்துக்கும் இறைவன் பெயரால் எடுக்கும் சத்தியத்துக்கும் உள்ள தூரத்தை அவர் அந்த மேடையிலேயே மக்களுக்கு விளக்க வேண்டியதாயிற்று. சத்தியாக்கிரகத்தின் பிறந்த நாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த நாள்தான்.

காந்தியும் ஹாஜி உஜீர் அலியும் இலண்டன் சென்று முறையிட்டனர். அரச அனுமதி மறுக்கப்பட்டது. ஆனால் 1907இல் டிரான்ஸ்வால் சுயாட்சி பெற்றது. புதிய பாராளுமன்றம் அதே சட்டத்தை மார்ச் மாதம் ஒரே நாளில் நிறைவேற்றிக்கொண்டது. பதிவுக் காரியாலயங்களின் முன்னே தொண்டர்கள் நின்று, வருவோரைக் கெஞ்சித் திருப்பி அனுப்பினார்கள். சுமார் 13,000 பேரில் அவ்வாண்டின் முடிவுக்குள் பதிந்தவர்கள் ஏறக்குறைய 500 பேர்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவனாவேன். இந்தியர்களின் கோபத்தில் மானமும் இருந்தது, மேட்டிமையும் இருந்தது. கறுப்பின மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அனுமதிச் சீட்டைச் சுமந்து திரிந்தார்கள். அவர்களுக்காக அந்தத் தியேட்டரில் யாரும் சத்தியம் செய்யவில்லை. 'எங்களையும் அவர்களைப் போல நடத்துவதா?' என்பதே பல வர்த்தகர்களின் முறைப்பாடு. காந்தியின் அக்கால எழுத்துக்களிலும் இந்தக் கறை உண்டு.

1908 ஜனவரியில் காந்தி சிறை சென்றார். மாத இறுதியில் ஸ்மட்ஸுடன் ஓர் இணக்கம் ஏற்பட்டது. இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிவார்கள், அரசாங்கம் சட்டத்தை நீக்கும். காந்தி இதனைக் கூட்டத்தில் விளக்கியபோது ஒரு பட்டாணியர் எழுந்து கேள்வி கேட்டார். பத்து விரல் ரேகை குற்றவாளிகளிடம் மட்டுமே பெறப்படுவது என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொன்னீர்கள், இப்போது நீங்களே கொடுக்கச் சொல்வது எப்படி? கட்டாயத்தில் கொடுப்பது இழிவு, விரும்பிக் கொடுப்பது கண்ணியம் என்பது காந்தியின் பதில். பெப்ரவரி 10ஆந் திகதி பதிவுக் காரியாலயத்துக்கு நடந்து போகும் வழியில், முன்பு தம் கட்சிக்காரராக இருந்த மீர் ஆலம் என்ற பட்டாணியராலும் அவருடைய தோழர்களாலும் காந்தி தாக்கப்பட்டு மயங்கி விழுந்தார். உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்த தமிழர், மறியலில் முன்னின்றவர். காயத்துடன் படுத்திருந்த காந்தி பதிவதிகாரியை அழைத்து அங்கேயே பத்து விரல்களையும் பதித்தார்.

மீர் ஆலமின் கைத்தடியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை முழுதாகக் கிடைத்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கானோர் காந்தியின் சொல்லை நம்பி ரேகை கொடுத்த பின்னர், சட்டத்தை நீக்க முடியாதென்று ஸ்மட்ஸ் கைவிரித்துவிட்டார். விரும்பிக் கொடுத்தாலும் விரும்பாமல் கொடுத்தாலும் ரேகைத் தாள் போய்ச் சேர்ந்தது ஒரே அலுமாரிக்குத்தான். விண்ணப்பங்களைத் திருப்பித் தாருங்கள் என்று இந்தியர்கள் கேட்டார்கள். மறுக்கப்பட்டது. இப்ராஹிம் இஸ்மாயில் அஸ்வத் என்ற வர்த்தகர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1908 ஜூலையில் அவருடைய மனு தள்ளுபடியாயிற்று. என் உடம்பிலிருந்து எடுத்த அடையாளம் என்னுடையதா, எடுத்தவருடையதா என்பதை ஒரு நீதிமன்றத்தின் முன் வைத்த ஆரம்பகால வழக்குகளில் ஒன்றாக இதனைக் கொள்ளலாம் என்பது என் கருத்து. சட்டத்துறை சார்ந்த நம் நண்பர்கள் யாரேனும் இதை விரிவாக எழுத வேண்டும்.

அதன் பிறகே 1908 ஓகஸ்ட் 16 வந்தது. ஜொஹன்னஸ்பேர்க் ஹமீதியாப் பள்ளிவாசல் முற்றத்தில் மேடை போடப்பட்டது. மூன்று கால்களுடைய பெரிய இரும்பு அண்டா ஒன்று வைக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுப் பத்திரங்கள் அதிலே குவிக்கப்பட்டு, எண்ணெய் ஊற்றி, பிரித்தானிய இந்தியர் சங்கத் தலைவர் யூஸுப் மியானால் தீ மூட்டப்பட்டது. தாம் காந்தியைத் தாக்கியது தவறென்று மீர் ஆலம் அந்தக் கூட்டத்தில் அறிவித்துத் தம் பத்திரத்தையும் எரிக்கக் கொடுத்தார். காந்தி அவர் கையைப் பற்றிக்கொண்டார். பள்ளிவாசல் முற்றத்தில் ஹிந்துவும் முஸ்லிமும், குஜராத்தியும் தமிழரும், சீனரும்கூட நின்ற அந்தக் காட்சி நம் இலக்கியத்தில் இன்னும் எழுதப்படாதிருப்பது எனக்கு ஆச்சரியம்.

எரிந்தவை பத்திரங்கள் மாத்திரமே. ரேகைத் தாள்கள் அதிகாரிகளின் கையிலேயே இருந்தன. போராட்டம் 1914 வரை நீண்டு ஓர் உடன்பாட்டில் முடிந்தது, ரேகை எடுக்கும் பழக்கம் முடியவில்லை. 1952இல் நிறவெறி அரசு கறுப்பின மக்கள் அனைவருக்கும் ஒரே கையேட்டைக் கட்டாயமாக்கிப் பத்து விரல்களையும் எடுத்தது. அந்தக் கையேட்டை எதிர்த்துக் கூடியவர்களில் 69 பேர் 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் சுட்டுக் கொல்லப்பட்டனர். டிரான்ஸ்வாலில் காந்தி ரேகைப் பதிவுக்கு இசைந்தமை அந்த முறையைப் பலப்படுத்த உதவிற்றா என்ற சங்கடமான விவாதத்தைக் கீத் பிரெக்கன்ரிட்ஜ் 2014இல் வெளியிட்ட நூலொன்றில் எழுப்பியிருக்கிறார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்யும் சட்டத்தின் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டு வருகிறது. அதன் பழைய இலக்கத்தைப் பாருங்கள். முதலிரு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் பிறந்த நாள், பெண்ணாயின் ஐந்நூறு கூடும். இலக்கத்தைச் சொன்னாலே வயதும் பாலும் வெளியே வந்துவிடும். போர்க்காலத்தில் அட்டையின் மொழியே போதுமானதாயிருந்தது. வடக்கு கிழக்குக்கு வெளியே வழங்கப்பட்ட அட்டை சிங்களத்தில் மட்டும் இருக்க, தமிழும் சேர்ந்த அட்டை வைத்திருந்தவர் சோதனைச் சாவடியில் அதற்குரிய விசாரணைக்கு ஆளானார். கொழும்பில் வீட்டில் தங்குவோரின் விபரங்களைப் பொலிஸில் பதியச் சொன்ன காலத்தை மறந்தவர் நம்மில் யார்? ஓரிரவு தங்க வந்த மாமியின் பெயரைப் படிவத்தில் எழுதும்போது கூச்சம் நமக்கு வந்தது, படிவத்துக்கு வரவில்லை. 1983 ஜூலையில் வன்செயற் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றமை பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. வாக்களிக்கத் தயாரித்த பட்டியல் அது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் அவசரகால விதிகளின் கீழ் நம் வீடுகள் சோதனையிடப்பட்டபோது, அட்டையை நீட்டும் கையின் நடுக்கம் எத்தகையது என்று நம் சமூகமும் பரவலாக அறிந்துகொண்டது.

பட்டியலில் இல்லாமற் போவதும் துயரமே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையக மக்களையும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, இருந்த இடத்திலும் வந்த இடத்திலும் வாக்காளர் பதிவுக்காக அலைந்த நம்மவர்களையும் கேட்டால் சொல்வார்கள். ஆகவே அட்டையே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. எதற்காக எடுத்ததோ அதற்கு மட்டும் பயன்படுத்துவாயா, யாருக்குக் காட்டுவாய், எப்போது அழிப்பாய் என்று கேட்கும் உரிமை கொடுப்பவனுக்கு வேண்டும் என்கிறேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதியரசர்கள் ஒருமித்து அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அது தனியோர் உரிமையாகச் சொல்லப்படவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. அதே ஆண்டில் இந்திய நிதியுதவியுடனான டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கும் ஒப்பமாயிற்று. விரல்களோடு முகமும் கருவிழியும் சேர்கின்றன. இதற்கு அண்டாவும் எண்ணெயும் உதவா.

அஸீஸுல் ஹக்குக்கு 1924இல் கான் பஹதூர் பட்டம் கிடைத்தது. 1926இல்தான், முதுமையில், அவருடைய பங்களிப்பை ஹென்றி ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஓய்வு பெற்றபின் அவர் பீஹாரின் மோதிஹாரியில் குடியேறி 1935இல் அங்கேயே மரணித்தார். 1917இல் சம்பாரண் அவுரி விவசாயிகளுக்காகப் போய்க் காந்தி நீதிமன்றத்தில் நின்றதும் அதே மோதிஹாரியில்தான். அந்த ஊரிலே, அபினித் திணைக்களத்தில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயருக்கு 1903இல் பிறந்த ஆண் குழந்தைதான் பின்னாளில் ஜோர்ஜ் ஓர்வெல் என்ற பெயரில் '1984' நாவலை எழுதியது.