துப்பறியும் நாடகம் (தமிழ் மேடை)

துப்பறியும் நாவல்களைத் தழுவி மேடையேறிய நாடகங்கள். தமிழில் இவை 1920களில் பாலர் நாடகக் கம்பெனிகளின் வழியே பரவின. மேலைநாட்டில் வில்லியம் கில்லெட் 1899இலேயே ஷெர்லக் ஹோம்ஸ் வேடமிட்டு நியூயார்க் மேடையேறியிருந்தார்.

தமிழின் முதல் துப்பறியும் நாவல் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; நடேச சாஸ்திரியின் 'தானவன்' (1894) என்பாரே மிகுதி. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார். மேடைக்கு அதிகம் உதவியவை ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவல்கள் எனலாம்.

அவருடைய 'இராஜாம்பாள்', 'சந்திரகாந்தா' முதலியவற்றையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வையும் நாடகமாக்கியவர் எம். கந்தசாமி முதலியார்; நடிகர் எம். கே. ராதாவின் தந்தை. அரிச்சந்திரனும் வள்ளியும் பாடி வளர்ந்த சிறுவர்களை அவர் சமகால உடையில் நிறுத்தி, உரைநடை வசனம் பேசப் பழக்கினார். பாட்டு முற்றிலும் போய்விடவில்லை. கொலை விசாரணைக்கு நடுவிலும் ஆர்மோனியத்துக்கு வேலை இருந்தது. டி. கே. எஸ். சகோதரர்களும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் இவ்வகை நாடகங்களை ஆடினர். சகோதரர்களுள் ஒருவரான டி. கே. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என விரிவாக எழுதிவைத்ததால், மற்றக் கம்பெனிகளைவிட அவர்கள் கம்பெனியைப் பற்றிய செய்தியே மிகுதி. 'சந்திரகாந்தா'வில் துப்பறிவோனுக்கு ஈடாக நினைவில் நின்றது போலி மடாதிபதியின் பாத்திரம். அதன் சுண்டூர் இளவரசர் வேடமே பி. யு. சின்னப்பாவைத் திரைக்கும் கொண்டுவந்தது.

இலங்கைத் தமிழ் மேடையில் நிலை வேறு. அங்கே மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளே பெருவழக்கு. வட்டக்களரியைச் சுற்றிலும் சனம் அமர்ந்திருக்க, ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாட்டில் தன்னை இன்னாரென்று அறிவித்த பின்பே ஆடும். ஆளை மறைத்துப் பின்னர் வெளிப்படுத்தும் துப்பறியும் கதைக்கு இம்மரபு எளிதில் இடங்கொடாது. அம்மண்ணில் பிறந்த தமிழறிஞர் விபுலானந்தர் 1926இல் 'மதங்க சூளாமணி' என்னும் நாடக ஆய்வு நூலை எழுதியபோது நாடியதும் ஷேக்ஸ்பியரையே.

'மேனகா' 1935இலும் 'சந்திரகாந்தா' 1936இலும் படமாயின. வடுவூராரின் 'திகம்பர சாமியார்' 1950இல் படமாகியது. அதில் எம். என். நம்பியார் புனைந்த வேடங்கள் பதினொன்று என்பர். பன்னிரண்டு என்பாரும் உளர். 1951இல் வெளிவந்த 'இராஜாம்பாள்' ஆர். எஸ். மனோகரின் முதற்படம். பின்னாளில் சொந்தமாக நாடகக் குழு நடத்திய மனோகர், துப்பறியும் கதைகளை விட்டு 'இலங்கேஸ்வரன்' போன்ற புராண நாடகங்களுக்கே திரும்பினார்.