சோழியும் வாக்கியமும் அட்டவணையும்

கிரகணத்தையும் கோள்களின் நிலையையும் முன்கூட்டிக் கணிக்கும் எந்த மரபும் இரண்டு வகைப் பதிவுகளை நம்பியிருக்கிறது: கணக்கை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று கூறும் செய்முறை ஒன்று, நாள்தோறும் உரிய விடைகளை நிரல்படத் தரும் அட்டவணை மற்றொன்று. பண்டைய பாபிலோனியர் இவ்விரண்டையும் பெரும்பாலும் தனித்தனிக் களிமண் பலகைகளில் பொறித்து வைத்தனர். தமிழகப் பஞ்சாங்கக் கணிதர்களோ அட்டவணையை வாக்கியங்களாக மனத்தில் பதித்து, செய்முறையைச் சோழிகளைக் கொண்டு தரையில் நிகழ்த்தினர்.

சந்திரனின் வேகம் ஒரே சீரானதன்று. புவிக்கு அருகில் வரும்போது விரைந்தும் விலகிச் செல்லும்போது மெதுவாகவும் நகரும் அது, புவியிலிருந்து மிகத் தொலைவான புள்ளியாகிய உச்சத்தை விட்டுப் புறப்பட்டு மீண்டும் உச்சத்தை அடைய ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. இத்தகைய 9 சுற்றுகள் 248 நாளில் ஏறக்குறைய மீதமின்றி முடிவதால், அந்த 248 நாளில் ஒவ்வொரு நாளின் முடிவிலும் சந்திரன் கடந்திருக்கும் தொலைவை ஒருமுறை கணக்கிட்டு வைத்துவிட்டால், அதே அட்டவணையைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்த இயலும். வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் இத்தகைய அட்டவணையே. முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை என்றும் இரண்டாம் வாக்கியம் 24 பாகை 9 கலை என்றும் மதிப்புத் தருகின்றன. பாகை என்பது வட்டத்தின் 360இல் ஒரு பங்கு, கலை என்பது பாகையின் 60இல் ஒரு பங்கு.

எண்களைச் சொற்களாக்க உதவியது கடபயாதி முறை. வடமொழி நெடுங்கணக்கின் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கத்தை அளித்து, சொல்லிலுள்ள இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிப்பது இதன் விதி. கமலம் என்ற சொல்லில் ககரம் 1, மகரம் 5, லகரம் 3 ஆகும். இறுதியில் நிற்கும் உயிரற்ற மெய்க்கு மதிப்பில்லை என்பதால் அச்சொல் 351 என்ற எண்ணைக் குறிக்கும். பொருளுள்ள சொற்களாக அமைந்த எண்களை மாணவர் எளிதில் மனனம் செய்தனர்.

அட்டவணையைப் பயன்படுத்தும் முறையை, 13ஆம் நூற்றாண்டளவில் தமிழகத்தில் உருவானதாகக் கருதப்படும் வாக்கியகரணம் விளக்குகிறது. தொடக்கமாகக் கொண்ட ஒரு நாளிலிருந்து கழிந்த நாள்களின் தொகையை முதலில் 12,372ஆலும், மீதியை 3,031ஆலும், அதன் மீதியை 248ஆலும் வகுக்க வேண்டும். கழிந்தவை 20,000 நாள் என்று கொண்டால் ஈவுகள் முறையே 1, 2, 6 என வந்து 78 மீதியாகும். ஆகவே 78ஆம் வாக்கியத்தை எடுத்து, ஒவ்வொரு ஈவுக்கும் உரிய துருவம் எனப்படும் நிலையான மதிப்பையும் (248 நாளுக்கு இது 27 பாகை 44 கலை) தொடக்க நாளுக்குரிய நிலையையும் கூட்டினால் சந்திரன் இருக்குமிடம் கிடைக்கும்.

வெள்ளி சூரியனைக் கடப்பதை 1769இல் காண்பதற்காகப் புதுச்சேரியில் தங்கிய பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், மேகம் மறைத்ததால் அந்நிகழ்வைக் காணவில்லை என்றாலும், இந்தக் கணிதத்தை ஒரு தமிழரிடம் கற்றார். 1765 ஆகஸ்ட் 30ஆம் நாளின் சந்திர கிரகணத்தை அவருடைய ஆசிரியர் 45 நிமிடத்தில் கணித்துக் காட்டினார். எழுதுகோலின்றிச் சோழிகளால் நடைபெற்ற அக்கணக்கின் விரைவை லெ ஜாந்தீல் பாராட்டினார். ஆனால் ஒவ்வொரு படியிலும் முந்தைய சோழிகள் கலைக்கப்பட்டுவிடுவதால், விடையில் பிழை நேர்ந்தால் அது எங்கே நேர்ந்தது என்று திரும்பிப் பார்க்க வழியில்லை என்ற குறையையும் பதிவு செய்தார்.

அந்தக் குறையைப் பெருமளவு நீக்கியவர், சென்னை வானாய்வு நிலையத்தின் பொறுப்பை முன்பு சில ஆண்டுகள் வகித்த ஜான் வாரன். புதுச்சேரியில் அவர் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், வானியல் கோட்பாடுகளை அறியாதவராயினும், மனப்பாடமான அட்டவணைகளையும் சோழிகளையும் மட்டும் கொண்டு 1825 மே 31, ஜூன் 1 நாள்களுக்கிடையே நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் 4 நிமிடமும், நடுவேளையில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மட்டுமே அவர் கணிப்பு பிறழ்ந்தது. வாரன் அதே ஆண்டு சென்னையில் வெளியிட்ட கால சங்கலிதம் என்ற நூலில், தென்னிந்தியக் கணிப்பு முறைகளின் விதிகள், எடுத்துக்காட்டுக் கணக்குகள், அட்டவணைகள் ஆகியவற்றை ஒருங்கே அச்சிட்டார். தரையில் கலைந்துபோன இடைப்படிகள் அதன்வழித் தாளில் நிலைபெற்றன.

அதன் பயனை 1952இல் வெளிவந்த ஆட்டோ நியூகபவரின் தமிழ் வானியல் பற்றிய ஆய்வுக் கட்டுரை காட்டியது. வாரனும் லெ ஜாந்தீலும் எழுதிவைத்த படிகளை ஆராய்ந்த அவர், புதுச்சேரியில் வழங்கிய 248, 3,031 ஆகிய நாள் சுழற்சிகள் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளிலும் இடம்பெறுவதையும், 248 நாள் சுழற்சி பாபிலோனிய மரபைச் சேர்ந்தது என்பதையும் எடுத்துக்காட்டினார். கிரகண நேரங்கள் மட்டும் அச்சேறியிருந்தால் அவை ஒரு கணிதரின் திறமைக்குச் சான்றாக மட்டுமே நின்றிருக்கும். வகுஎண்களும் துருவங்களும் வாக்கியங்களும் வரிசை மாறாமல் பதிவானதால்தான், ஈராயிரம் ஆண்டு அறிவுப் பரிமாற்றத்தின் தடம் ஆய்வாளருக்குப் புலப்பட்டது. எந்த ஆய்விலும் இடைப்படிகளுக்கு அட்டவணையில் இடம் ஒதுக்குவது, பின்வருவோர் அக்கணக்கைச் சரிபார்க்கவும் திருத்தவும் மேலெடுத்துச் செல்லவும் உரிமை அளிப்பதாகும்.