மூயெட் வாசிப்புத் தாள்: 75 நிமிடம், 40 கேள்வி

எஸ்.டி.பி.எம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா எனப் பாதை எதுவாக இருந்தாலும், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்கள் மூயெட் எனும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வை எழுத வேண்டியுள்ளது. 1999-இல் அறிமுகமான இத்தேர்வை மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு தாள்கள். 2021-இல் புதிய வடிவம் வந்தபோது நான்குக்கும் சம எடை கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு தாளுக்கும் 90 புள்ளி, மொத்தம் 360.

பேண்ட் 4.0 பெற 211 புள்ளி வேண்டும். 210 என்றால் 3.5தான். மருத்துவம், சட்டம் போன்ற துறைகளுக்கு பேண்ட் 4 கேட்கப்படுவது வழக்கம் என்பதால் அந்த ஒரு புள்ளியின் கனம் பெரிது. எஸ்.டி.பி.எம்-இல் நல்ல தேர்ச்சி இருந்தும் மூயெட் காரணமாக விரும்பிய துறையை மாற்றிக்கொண்ட பிள்ளைகள் தோட்டப்புறங்களிலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு.

நான்கு தாள்களில் வாசிப்புத் தாள்தான் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்யத் தோதானது. பேச்சுக்கு எதிரில் ஆள் வேண்டும். எழுத்துக்குத் திருத்தித் தர ஆசிரியர் வேண்டும். வாசிப்புக்கு ஒரு பழைய கேள்வித்தாள், கடிகாரம், பென்சில் போதும். வீட்டில் இணைய வசதி சுமாராக உள்ளவர்கள் முதலில் கைவைக்க வேண்டிய தாள் இது.

தாளின் அமைப்பைப் பார்ப்போம். 75 நிமிடத்தில் ஏழு பகுதிகள், 40 கேள்விகள், எல்லாமே தெரிவு விடைகள். முதல் நான்கு பகுதிகளில் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தெரிவுகள். ஐந்தாம் பகுதியில் ஒரு கட்டுரையிலிருந்து ஆறு வாக்கியங்களை எடுத்துவிடுவார்கள். கொடுக்கப்பட்ட ஏழு வாக்கியங்களிலிருந்து அவற்றைத் தேர்ந்து உரிய இடத்தில் பொருத்த வேண்டும். கடைசி இரண்டு பகுதிகளில் நீண்ட கட்டுரைகள், தலா ஏழு கேள்விகள், நான்கு தெரிவுகள். பகுதி ஏற ஏறக் கடினமும் ஏறும்.

தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த மாணவருக்கு ஆங்கிலம் பெரும்பாலும் மூன்றாவது மொழி. வீட்டிலும் ஆரம்பப் பள்ளியிலும் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், ஆங்கிலமோ ஒரு பாடம் மட்டும். ஆகவே சொற்கள் தெரியாததுதான் பிரச்சினை என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தும் வாக்கியம் பிடிபடாமல் போவதுதான் அதிகம் நடக்கிறது. இதற்குக் காரணம் வாக்கிய அமைப்பு.

தமிழில் 'கடந்த ஆண்டு விற்கப்பட்ட தோட்டத்தில் வேலை செய்த தொழிலாளர்கள் வீடு கேட்டு மனு கொடுத்தனர்' என்போம். விளக்கமெல்லாம் முதலில் வந்து, தொழிலாளர்கள் பின்னால் வருவார்கள். வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் இது தலைகீழ். தொழிலாளர்கள் முதலில் வருவார்கள், அடுத்து அவர்கள் வேலை செய்த தோட்டம், அதன்பின் அது விற்கப்பட்ட செய்தி. இவ்வளவுக்கும் பிறகே மனு கொடுத்த வினை வரும். வாசிக்கும் மாணவர் 'தோட்டம் விற்கப்பட்டது' என்ற இடத்திலேயே செய்தி முடிந்ததாக எண்ணிவிடுகிறார். கேள்வியோ மனுவைப் பற்றி இருக்கும்.

இதற்கு ஒரு எளிய பயிற்சி உண்டு. நீளமான வாக்கியம் வந்தால் 'யார்', 'என்ன செய்தார்' என்ற இரண்டை மட்டும் பென்சிலால் கோடிட வேண்டும். 'விச்', 'ஹூ', 'தட்' என்று தொடங்கி நடுவில் வரும் விளக்கத்தை அடைப்புக்குள் போட்டுவிட வேண்டும். நாளுக்கு ஐந்து வாக்கியம் என ஒரு மாதம் செய்தால், பிறகு பென்சில் இல்லாமலே கண் அந்த வேலையைச் செய்யத் தொடங்கும். மனத்தில் மலாய்க்கும், அங்கிருந்து தமிழுக்கும் மொழிபெயர்க்கும் பழக்கமும் மெல்லக் குறையும். அந்த இரட்டை மொழிபெயர்ப்புதான் நேரத்தை விழுங்குவது.

சொல்லைப் பொறுத்தவரை, பெரிய சொற்களைவிடச் சின்னச் சொற்களே காலை வாருகின்றன. 'ஹார்ட்லி' என்றால் 'கடினமாக' என்று எடுத்துக்கொள்வோர் பலர். அதன் பொருள் 'ஏறக்குறைய இல்லை' என்பது. 'எ ஃபியூ' என்றால் சில உண்டு, முன்னால் உள்ள 'எ' இல்லாமல் வெறும் 'ஃபியூ' என்றால் மிகக் குறைவு, போதாது என்ற தொனி. 'ஈவென்சுவலி' என்பது 'ஒருவேளை' அல்ல, 'கடைசியில்' என்பதாகும். 'அன்லெஸ்' வாக்கியத்தையே எதிர்மறையாக்கும். 'ஹவெவர்', 'யெட்', 'டிஸ்பைட்' ஆகியவை வரும் இடத்தில் கட்டுரையாளர் திரும்புகிறார் என்று பொருள். கேள்விகள் பெரும்பாலும் அந்தத் திருப்பங்களில்தான் உட்கார்ந்திருக்கும். கடினமான சொல் பட்டியலை மனனம் செய்வதற்கு முன் இவற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தெரிவுகளில் உள்ள பொறி. ஓர் எடுத்துக்காட்டு. 'ஒரு நகராட்சி பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் விதித்தது. முதல் சில மாதங்களில் பை வாங்குவோர் வெகுவாகக் குறைந்தனர். நாளடைவில் மக்களுக்கு அந்தக் கட்டணம் பழகிப்போனது, பை விற்பனை மீண்டும் ஏறியது. பக்கத்து நகரில் கட்டணத்தோடு கடைகளில் துணிப்பையும் இரவலாகக் கொடுத்தார்கள். அங்கே விற்பனை ஏறவில்லை' என்று ஒரு பத்தி இருப்பதாகக் கொள்வோம். கட்டுரையாளர் உணர்த்துவது என்ன என்பது கேள்வி. மக்கள் சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பது முதல் தெரிவு. பைக்குக் கட்டணம் விதிப்பதால் எந்தப் பலனும் இல்லை என்பது இரண்டாவது. கட்டணம் மட்டும் இருந்தால் பலன் நிலைக்காது என்பது மூன்றாவது.

முதல் தெரிவு பலருக்கு உண்மையாகத் தோன்றும், ஆனால் பத்தியில் அதற்குச் சான்றில்லை. இரண்டாவதில் 'எந்த' என்ற சொல் கெடுக்கிறது, ஏனெனில் முதல் மாதங்களில் பலன் இருந்தது. மூன்றாவது வாக்கியம் பத்தியில் அப்படியே இல்லை, ஆனால் இரு நகரங்களையும் ஒப்பிட்டால் வேறு முடிவுக்கு வர முடியாது. அதுவே விடை. பத்தியில் உள்ள அதே சொற்களோடு கண்ணில் படும் தெரிவை உடனே கருமையாக்குவது நம் மாணவர்களிடம் அதிகம் காணப்படும் பழக்கம். கேள்வி தயாரிப்பவருக்கும் அது தெரியும். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில்தான் எழுதப்பட்டிருக்கும்.

ஐந்தாம் பகுதி தனி ரகம். இங்கே ஒரு பிழை தனியாக வருவதில்லை. ஓர் இடத்தில் தவறான வாக்கியத்தை வைத்தால், அந்த வாக்கியத்துக்கு உரிய இன்னோர் இடமும் கெட்டுப்போகும். 'திஸ்', 'தே', 'சச்' போன்ற சுட்டுச் சொற்களே இங்கு கைகொடுப்பவை. ஒரு வாக்கியம் 'சச் மெஷர்ஸ்' என்று தொடங்கினால், அதற்கு முந்தைய வாக்கியத்தில் ஏதோ நடவடிக்கைகள் சொல்லப்பட்டிருக்க வேண்டும். வைத்த வாக்கியத்துக்குப் பின்னால் வரும் வரியையும் சேர்த்துப் படித்துப் பார்க்க வேண்டும். பலர் முன்வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நேரப் பங்கீட்டில் எளிய பகுதிகளில் மிச்சம் பிடித்துக் கடினமான பகுதிகளில் செலவழிப்பதே புத்திசாலித்தனம். முதல் மூன்று பகுதிகளில் 14 கேள்விகள், அவற்றுக்கு 20 நிமிடம் தாராளம். நான்குக்கும் ஐந்துக்கும் தலா 12 நிமிடம், ஆறுக்கும் ஏழுக்கும் தலா 13 நிமிடம் கொடுத்தால் சரிபார்க்க ஐந்து நிமிடம் மிஞ்சும். கேள்வியை முதலில் படிப்பதா, கட்டுரையை முதலில் படிப்பதா என்று வகுப்புகளில் பெரிய விவாதமே நடக்கும். குறும்பத்திகளுக்குக் கேள்வி முதலில் என்பது சரி. கடைசி இரு பகுதிகளுக்கு அது உதவாது. கட்டுரையை ஒருமுறை வேகமாக முழுதும் படித்து, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் இரண்டு மூன்று சொற்களில் தமிழிலேயே குறிப்பு எழுதிவிட்டுக் கேள்விக்குப் போவது மேல்.

பயிற்சி என்றால் நாளுக்கொரு தாள் செய்து புள்ளி போடுவது என்றாகிவிட்டது. அப்படிச் செய்தால் புத்தகம்தான் தீரும். வாரத்துக்கு ஒரு தாள் போதும். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறியது என்று நோட்டில் எழுத வேண்டும்: சொல் தெரியவில்லை, வாக்கியம் புரியவில்லை, தெரிவில் ஏமாந்தது, நேரம் போதவில்லை. நான்கைந்து வாரத்தில் எந்தக் காரணம் அதிகம் என்பது தெரிந்துவிடும். அதற்கேற்ப அடுத்த மாதப் பயிற்சியை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு மூன்று நண்பர்கள் கோயில் மண்டபத்திலோ நூலகத்திலோ உட்கார்ந்து, தங்கள் விடைதான் சரி என்று வரியைக் காட்டி வாதாடுவது இன்னும் நல்ல பயிற்சி. தேர்வில் வரப்போகும் கட்டுரை இதுதான் என்று சொல்லிப் பணம் வாங்கும் வகுப்புகளை நம்ப வேண்டியதில்லை. வாசிப்புத் தாளுக்கு அப்படி ஊகிக்க வழியே கிடையாது.

தாள் செய்யாத நாள்களில் ஆங்கில நாளிதழின் தலையங்கம் அல்லது கருத்துக் கட்டுரை ஒன்றைப் படிக்கலாம். விளையாட்டு, சினிமாச் செய்திகளின் நடை வேறு, அவை இத்தேர்வுக்கு அதிகம் உதவா. பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் அகப்பக்கத்தில் நிலைவாரியாகப் பிரித்த வாசிப்புப் பகுதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மூயெட்டும் அதே ஐரோப்பிய மொழித்தர அளவுகோலுக்கு ஏற்பவே 2021-இல் மாற்றப்பட்டது என்பதால், பி1 நிலையில் தொடங்கி பி2, சி1 என ஏறலாம். கைப்பேசியில் படிப்பவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது அச்சிட்ட தாளில் படிப்பது நல்லது. தேர்வு தாளில் என்றால் கோடிடும் பழக்கம் கையில் இருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் பட்டம் முடித்த பின்னும் தேவைப்படும். வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் பலர் எழுதும் ஐயெல்ட்ஸ் தேர்வின் வாசிப்புத் தாளிலும் 40 கேள்விகள்தான், ஆனால் நேரம் 60 நிமிடம். முதுகலைக்கும் முனைவர் படிப்புக்கும் சில பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஜி.ஆர்.இ தேர்வு 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்டது. அதன் மொழிப் பகுதியில் இப்போது 27 கேள்விகள்: 18 நிமிடத்தில் 12, 23 நிமிடத்தில் 15. கட்டுரைகள் குட்டையாக இருந்தாலும் வாதம் இறுக்கமாக இருக்கும். அங்கேயும் திருப்பச் சொற்களும், சான்றில்லாத தெரிவுகளும், நடுவில் நீளும் விளக்கங்களும்தான்.

மூயெட் ஆண்டுக்கு மூன்று முறை நடத்தப்படுகிறது. எந்தத் துறைக்கு எத்தனை பேண்ட் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறக்கூடும். பதிவு செய்வதற்கு முன் யு.பி.யு அகப்பக்கத்தில் விரும்பும் துறையின் நிபந்தனையைப் பார்த்துக்கொண்டால், எந்தப் பருவத்தில் எழுதினால் இன்னொரு வாய்ப்பு மிஞ்சும் என்பதைக் கணக்கிட்டு முடிவெடுக்கலாம்.