பழைய சவரக்கத்தி வாங்கும் முன்: பெயரை விட முதுகைப் பாருங்கள்

ஊர் வீட்டைக் காலி செய்து சாமான்களை ஃபிளாட்டுக்குக் கொண்டுவரும்போது, டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு மடக்குச் சவரக்கத்தி சிலருக்குக் கிடைக்கிறது. வேறு சிலர் அதே மாதிரிக் கத்தியை ஆன்லைனில் தேடி வாங்குகிறார்கள். அடுத்து வரும் ஆசை இரு சாராருக்கும் ஒன்றுதான்: இதை நாமே தீட்டிக் கூர்மையாக்க முடியாதா?

முடியும். ஆனால் எந்தக் கத்தியில் பழகுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தீட்டும்போது தேய்ந்துபோன எஃகு திரும்பி வராது. கோணலான கத்தியில் தொடங்கினால், எத்தனை நாள் தேய்த்தாலும் கூர் வராமல் மனம் சலித்துவிடும். அருமையான கத்தியில் தொடங்கினால், நீங்கள் பழகி முடிப்பதற்குள் கத்தி பாழாகிவிடும். இரண்டையும் தவிர்க்க, இந்தக் கத்திகள் எப்படி உருவாயின என்ற வரலாறு உதவும்.

ஷெஃபீல்டின் ஆப்புக் கத்தி

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கத்தித் தொழிலாளர்களுக்கென 1624-லேயே சட்டப்படி ஒரு சங்கம் அமைந்துவிட்டது. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி, கடிகார வில்லுக்கு நல்ல எஃகு தேடி, மண் மூசையில் எஃகை உருக்கும் முறையை ஷெஃபீல்டு அருகே உருவாக்கினார். உருகிய எஃகு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தது. நுண்ணிய கூர் நிற்க வேண்டிய சவரக்கத்திக்கு இது பெரிய வரம்.

மூசையில் உருக்கும் வித்தை தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. சேலம் வட்டாரம் உட்படப் பல இடங்களில் அது வெகுகாலமாக நடந்துவந்தது. அந்த எஃகை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்றார்கள். கன்னடத்தின் ‘உக்கு’, தமிழின் ‘உருக்கு’ ஆகிய சொற்களோடு அப்பெயர் தொடர்புடையது என்று பலரும் கருதுகிறார்கள். லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் அறுவைக் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் இந்த வூட்ஸை ஆராய்ந்து, எஃகில் வேறு உலோகங்களைக் கலந்து பார்த்து, 1820-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 500-இல் ஒரு பங்கு வெள்ளி கலந்த எஃகு அவற்றில் ஒன்று. பழைய ஷெஃபீல்டு கத்திகளில் ‘சில்வர் ஸ்டீல்’ என்ற பொறிப்பைப் பார்ப்பீர்கள். அது பெரும்பாலும் விற்பனைக்காகப் பொறித்த பெயர். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அக்காலத்து ஷெஃபீல்டு கத்திகளைப் பெரிய சாணைச் சக்கரத்தில் பிடித்ததால் இரு பக்கமும் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மரம் பிளக்கும் ஆப்பு போலத் தெரியும். பார்க்கக் கம்பீரமான கத்தி. ஆனால் கல்லில் வைத்தால் பக்கத்தின் பெரும்பகுதி கல்லைத் தொடும்; நிறைய எஃகைத் தேய்த்தால்தான் கூர் வரும். முதல் கத்தியாக இது வேண்டாம்.

சோலிங்கனின் குழிவுக் கத்தி

ஜெர்மனியில் வுப்பர் ஆற்றங்கரையில் உள்ள சோலிங்கன் நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு வழியில் போனார்கள். சிறிய சக்கரங்களில் பிடித்து, கத்தியின் இரு பக்கத்தையும் உட்குழிவாக்கினார்கள். குழிந்த கத்தியில் முதுகும் வாயும் மட்டுமே கல்லைத் தொடும், தீட்டுவது எளிது. முழுக் குழிவுக் கத்தியின் அலகு காகிதம் போல மெலிந்திருக்கும், நகத்தால் சுண்டினால் ஒலிக்கும். அவ்வளவு மெல்லிய அலகு பழகாத கையின் அழுத்தத்தில் வளையும். ஆகவே நடுத்தரக் குழிவுள்ள கத்திதான் பழகுவதற்குத் தோது.

இந்த வேலைக்கு மனிதர்கள் கொடுத்த விலையும் பெரிது. ஷெஃபீல்டின் சாணைத் தொழிலாளர்கள் பலர் கல் தூசியைச் சுவாசித்து, நுரையீரல் கெட்டு, இளம் வயதிலேயே இறந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்களும் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

கத்தியின் வாலுக்கு மேலே, அலகு தொடங்கும் இடத்தில் முத்திரை இருக்கும். ஷெஃபீல்டு கத்தியில் கிரீடத்தோடு ‘டபிள்யூ ஆர்’ என்றிருந்தால் பெரும்பாலும் நான்காம் வில்லியம் காலம், அதாவது 1830 முதல் 1837 வரை. ‘வி ஆர்’ என்றால் விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை.

சோலிங்கன் சரக்கு ஷெஃபீல்டு பெயரில் விற்பதாகப் புகார்கள் எழுந்தன. பிரிட்டன் 1887-இல் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டத்துக்கு அவையும் ஒரு காரணம். அமெரிக்காவும் 1890-இல் மெக்கின்லி சுங்கச் சட்டத்தை இயற்றி, 1891 மார்ச் 1 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ஆகவே ‘ஜெர்மனி’, ‘இங்கிலாந்து’ என்று பொறித்திருந்தால் கத்தி பொதுவாக அதற்குப் பிற்பட்டது. ‘சோலிங்கன்’ என்ற பெயருக்கு 1938-இல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பே கிடைத்தது.

முத்திரையில் உள்ள கம்பெனிப் பெயரை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம். சோலிங்கனில் எஃகை அடித்து உருவாக்குபவர் ஒருவர், சாணை பிடிப்பவர் வேறொருவர், கைப்பிடி மாட்டுபவர் இன்னொருவர். அமெரிக்க மொத்த வியாபாரிகள் தங்கள் பெயரையே பொறித்துக்கொண்டும் வாங்கினார்கள். ஒரே பட்டறைகளில் உருவான கத்திகள் பல பெயர்களில் விலைபோயின. இன்று சேகரிப்பாளர்கள் புகழ்பெற்ற பெயர்களுக்கு விலையை ஏற்றிவிட்டார்கள். யாரும் கேள்விப்படாத பெயருள்ள சோலிங்கன் கத்தி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பழகுபவருக்கு ஏற்றது அதுதான்.

கற்றுத்தர ஆளில்லாமல் போனது ஏன்?

கிங் ஜில்லெட் 1903-இல் தன் பாதுகாப்பு ரேசரை விற்கத் தொடங்கினார். அந்த ஆண்டு விற்றது 51 ரேசர், 168 பிளேடு. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்கு மட்டும் 35 லட்சம் ரேசர்களும் 3 கோடியே 20 லட்சம் பிளேடுகளும் போயின. ஊர் திரும்பிய வீரர்கள் அதையே தொடர்ந்தார்கள். வீடுகளிலிருந்து மடக்குக் கத்தி மெல்ல வெளியேறியது. ரத்தம் வழியாக நோய் பரவும் என்ற விழிப்புணர்வு வந்தபின் நம் ஊர் சலூன்களிலும் பாதி பிளேடு செருகும் கத்தி வந்துவிட்டது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் அதோடு தோல்வாரும் தீட்டுக்கல்லும் போயின. அப்பாவிடமோ நாவிதரிடமோ பார்த்துக் கற்கும் வழியும் அடைபட்டது. சந்தையில் பழைய கத்திகள் ஏராளம், கற்றுத்தருபவர் அரிது. எனவே கத்தியே உங்களுக்கு ஆசிரியராக இருக்க வேண்டும்.

முதுகுதான் ஆசிரியர்

சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நம் கைதான் பிடிக்க வேண்டும். சவரக்கத்தியில் அந்தக் கவலை இல்லை. முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லில் படுக்க வைத்தால் கோணம் தானாக அமையும். 16 மில்லிமீட்டர் அகலமும் நாலரை மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்தியில் அது சுமார் 16 பாகை. முதுகு கோணலாகத் தேய்ந்திருந்தால் கோணம் இடத்துக்கு இடம் மாறும். கற்றுக்கொள்பவருக்குத் தவறு தன் கையிலா கத்தியிலா என்றே தெரியாது. ஆகவே வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. முதுகின் இரு பக்கமும் தேய்மானம் நுனியிலிருந்து அடி வரை ஒரே அகலத்தில், மெலிதாக இருக்க வேண்டும்.

2. வாய் நேராக இருக்க வேண்டும். நடுவில் உட்குழிந்த வாயும் பொக்கை விழுந்த வாயும் வேண்டாம்.

3. முதுகில் மேலோட்டமான துரு இருந்தால் பரவாயில்லை. வாயை ஒட்டித் துருக்குழிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். தேய்க்கத் தேய்க்கக் குழி கூருக்கே வந்து, வாய் உதிரும்.

4. அகலம் எட்டில் ஐந்து அங்குலமோ எட்டில் ஆறு அங்குலமோ போதும். நுனி வட்டமாக இருந்தால் கன்னமும் விரலும் தப்பும்.

5. கையில் கிடைத்ததும் தட்டையான கண்ணாடித் துண்டில் படுக்க வைத்துப் பாருங்கள். ஆடினால் அலகு முறுக்கியிருக்கிறது.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், இரு பக்கமும் முதுகும் வாயும் தெளிவாகத் தெரியும் படங்களைக் கேளுங்கள். முத்திரையை மட்டும் பெரிதாகக் காட்டுகிறவரிடம் கவனமாக இருங்கள்.

கைப்பிடியிலும் கண் வையுங்கள். 1870 வாக்கில் அமெரிக்காவில் வந்த செல்லுலாய்டு பல கத்திகளின் கைப்பிடியானது. அது வயதாகிச் சிதையும்போது வெளிவரும் அமில ஆவி அலகைத் துருப்பிடிக்கச் செய்யும். பக்கத்தில் உள்ள கத்தியையும் கெடுக்கும். எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் அடுப்பருகே வைக்கக் கூடாது. தந்தக் கைப்பிடியைத் தொடவே வேண்டாம். நம் நாட்டில் தந்த வியாபாரம் சட்டப்படி குற்றம்.

பழகும் முறை

ஆயிரம் எண் கல்லில் இரு பக்கமும் சரிவு அமையும் வரை தீட்டி, பிறகு நாலாயிரம், எட்டாயிரம் எனப் போய், கடைசியில் தோல்வாரில் இழுக்க வேண்டும். ஆயிரம் எண் கல்லில் வேலை முடியாமல் அடுத்த கல்லுக்குப் போனால் பலனில்லை. வாயில் மார்க்கர் பேனாவால் மை பூசி ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை அழியாத இடம் கல்லைத் தொடாத இடம். அழுத்தம் குறையக் குறையக் கூர் ஏறும். முடிவில் கத்தியின் எடையே போதும்.

தாத்தாவின் கத்தி உங்களிடம் இருந்தால் லேசாக எண்ணெய் பூசி எடுத்து வையுங்கள். பெயரில்லாத கத்தியில் கை பழகி, ஒரே சீரான கூர் மூன்று நான்கு முறை வந்தபின் அதைத் தொடலாம். முகத்தில் வைக்கும் முன் கிருமிநீக்கம் செய்யுங்கள். ஒருவர் கத்தியை இன்னொருவர் பயன்படுத்த வேண்டாம். கூர் பார்க்கக் கட்டைவிரலை ஓட்டாதீர்கள். குழந்தைகள் உள்ள வீடுகளில் கத்தி பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும்.