சக்கிமுக்கித் துப்பாக்கியின் மூலத்தன்மையும் நிலையும்: தென்னிந்தியக் கைவினைத் துப்பாக்கிகளை முன்வைத்து

முன்னுரை

கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி ஆகியவை தென்னிந்திய வரலாற்றாய்வில் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றோடு ஒப்பிடுகையில் கைவினைப் படைக்கலங்கள், குறிப்பாகத் துப்பாக்கிகள், ஆய்வாளர் கவனத்தைப் பெரிதும் பெறவில்லை எனலாம். கொல்லர் கையால் உருவாகிய ஒவ்வொரு துப்பாக்கியும் தனித்தன்மை உடையது. அது செய்யப்பட்ட காலம், பழுது பார்க்கப்பட்ட காலம், கைமாறிய காலம் ஆகிய அனைத்தும் அதன் உடலிலேயே பதிந்துள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டின் தென்னிந்தியச் சக்கிமுக்கித் துப்பாக்கிகளைச் சான்றாகக் கொண்டு, ஒரு துப்பாக்கியின் மூலத்தன்மையையும் நிலையையும் எவ்வாறு மதிப்பிடுவது என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘துப்பாக்கி’ துருக்கிய மொழி வழியாகத் தமிழுக்கு வந்த சொல்லாகும். மலாய் மொழியின் ‘செனாப்பாங்’ டச்சு மொழியின் ‘ஸ்னாப்ஹான்’ என்பதிலிருந்து பிறந்தது. கொத்தும் சேவல் என்பது அதன் பொருள். கல்லைக் கவ்விப் பாயும் உறுப்பை டச்சுக்காரர் சேவலாகக் கண்டனர். தமிழர் அதனைக் ‘குதிரை’ என்றனர். மலாயில் வெடிப்படைக்கலத்தைக் குறிக்கும் ‘பெடில்’ என்னும் சொல் தமிழ் ‘வெடில்’ என்பதோடு தொடர்புடையது என்பாரும் உளர்.

இப்பொறி இயங்கும் முறை எளிது. விசையை இழுத்ததும் குதிரை முன்பாய்கிறது. அதன் வாயிலுள்ள சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறி எழுப்புகிறது. அப்பொறி பற்றுக்கிண்ணத்தில் உள்ள மருந்தைப் பற்ற வைக்க, தீ பற்றுத்துளை வழியே குழலின் உட்சென்று முதன்மை மருந்தை வெடிக்கச் செய்கிறது. இதற்கு முந்திய திரித்துப்பாக்கியில் எரியும் திரியே இப்பணியைச் செய்தது. நல்ல வில்லும் கல்லும் கிடைப்பதற்கு அரிதாக இருந்தமையால் இந்தியாவில் திரித்துப்பாக்கி நெடுங்காலம் நிலைத்திருந்தது.

‘ரைபிள்’ என்னும் சொல்லையும் கவனத்துடன் ஆளுதல் வேண்டும். குழலின் உட்புறம் சுருள்வரி வெட்டப்பட்டதே ரைபிள் ஆகும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வரியற்ற வழுவழுப்பான குழல் உடையவை. சுருள்வரி கொண்ட துருக்கியக் குழல்கள் இந்தியாவில் பெரிதும் மதிக்கப்பட்டன. உள்ளூர்க் கட்டையில் மறுபடியும் பொருத்தப்பட்டன. ஆதலால் சுருள்வரி காணப்படுமாயின், அக்குழல் வேறிடத்திலிருந்து வந்ததா என்பதே முதல் வினாவாதல் வேண்டும்.

எஞ்சியவை ஏன் அரியவை

மைசூரில் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணம் முதலிய இடங்களில் துப்பாக்கிப் பட்டறைகளை நடத்தினார். பிரஞ்சு நாட்டுக்கு அவர் அனுப்பிய தூதுக்குழு 1788இல் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டு, கைவினைஞர்களையும் வேண்டிப் பெற்றது. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அவருடைய படைக்கலங்கள் கொள்ளைப் பொருளாகப் பங்கிடப்பட்டுப் பல நாடுகளுக்கும் சென்றன.

தமிழகத்தின் நிலை இதனினும் கடினமானது. 1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு, மருது சகோதரர்கள் அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதனைத் தொடர்ந்து பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்பட்டன, படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. 1802இல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். மலேசியத் தமிழர் வரலாற்றோடு இந்நிகழ்வு நேரடித் தொடர்புடையதாகும். தஞ்சை மராத்தியர் அரசு 1855இல் முடிவுற்றபின், அதன் படைக்கலச் சாலையிலிருந்த பொருள்கள் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டு உலோக விலைக்கு விற்கப்பட்டதையும், தெரிந்தெடுத்த சிலவே எழும்பூர் அருங்காட்சியகத்தில் எஞ்சியதையும் இந்தியப் படைக்கல ஆய்வாளர் ராபர்ட் எல்குட் எடுத்துரைக்கிறார். 1878ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. இவ்வாறு பறிக்கப்பட்டும் உருக்கப்பட்டும் எஞ்சியவை மிகச் சிலவே. எனவே அவற்றில் ஒன்றைத் தவறாக மதிப்பிடுவது அச்சிலவற்றுள்ளும் ஒரு சான்றை இழப்பதாகும்.

மூலத்தன்மை என்பது யாது?

‘இது அசலா, போலியா?’ என்பதே பொதுவாகக் கேட்கப்படும் வினா. கைவினைத் துப்பாக்கியைப் பொறுத்தவரை இவ்வினா போதாது. ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர் மூலபாடம், பாடவேறுபாடு, இடைச்செருகல் எனப் பிரித்து நோக்குவர். அம்முறையே இங்கும் பொருந்துகிறது. குழல், பொறி, கட்டை என்னும் மூன்றும் ஒரே காலத்தவை எனக் கொள்ள வேண்டியதில்லை. போரில் உடைந்த கட்டைக்குப் பதிலாக அக்காலக் கொல்லரே வேறு கட்டை பொருத்தியிருக்கலாம், அது பாடவேறுபாடு போன்றது, அதுவும் வரலாறே. விலையை உயர்த்தும் நோக்கில் அண்மையில் பொருத்தப்பட்ட உறுப்போ இடைச்செருகலாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பதே மதிப்பீட்டாளரின் தலையாய பணி.

குழல்

ஆய்வைத் தொடங்குமுன் துப்பாக்கியில் மருந்து இல்லை என உறுதி செய்தல் இன்றியமையாதது. பழைய துப்பாக்கிகள் பல, மருந்தும் குண்டும் இட்ட நிலையிலேயே கைவிடப்பட்டன. கருமருந்து நூறாண்டு கடந்தும் வெடிக்கும் ஆற்றல் உடையது. மெல்லிய மரக்கோல் ஒன்றைக் குழல்வாய் வழியே மெதுவாக இறக்கி, அது நிற்கும் அளவைக் குறித்துக்கொண்டு, வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிடுதல் வேண்டும். பற்றுத்துளைக்குச் சில சென்டிமீட்டர் முன்னரே கோல் நின்றுவிடின், உள்ளே மருந்து இருப்பதாகவே கருதி, வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கையால் செய்த குழல் இரும்புப் பட்டையைச் சுற்றிக் காய்ச்சி இணைத்து உருவாக்கப்பட்டது. ஆகவே இணைப்பு வரியோ முறுக்கு வரியோ கூர்ந்து நோக்குவார்க்குப் புலப்படும். பற்றுத்துளை பயன்பாட்டால் அரித்து விரிந்திருத்தல் இயல்பு. பழைய குழலில் துளை மட்டும் புதிதாகவும் கூர்மையாகவும் இருப்பின் ஐயம் கொள்ள வேண்டும். 1840களில் வெடிமூடிப் பொறி பரவியபோது சக்கிமுக்கித் துப்பாக்கிகள் பல அதற்கேற்ப மாற்றப்பட்டன. பின்னர் விலைக்காக அவை மீண்டும் சக்கிமுக்கிப் பொறியாக்கப்பட்டன. பற்றுத்துளை அடைக்கப்பட்டு மறுபடி துளைக்கப்பட்ட தடம் இதனைக் காட்டிவிடும்.

பொறி

பொறியின் வெளிமுகத்தைவிட உள்முகமே உண்மையைக் கூறும். கைவினைத் துப்பாக்கியில் ஒரு திருகு மற்றொரு துளைக்குப் பொருந்தாது. ஆகவே கொல்லர் ஒவ்வொரு திருகிலும் உறுப்பிலும் புள்ளியோ வெட்டுக்குறியோ இட்டு வைப்பதுண்டு. அக்குறிகள் ஒன்றோடொன்று ஒத்திருப்பின் பொறி சிதையாது நிற்கிறது எனலாம். திருகின் புரி ஒரே சீராக, இயந்திரத்தால் வெட்டப்பட்டது போல் இருப்பின் அது பிற்காலத்தது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் திருகுப்புரிக்குப் பொது அளவை முன்மொழிந்தது 1841ஆம் ஆண்டிலேயாகும்.

எஃகுத் தகட்டின் முகத்தில் கல் உரசிய நெடுங்கோடுகள் இருத்தல் வேண்டும். பயன்படுத்தப்பட்ட துப்பாக்கி எனக் கூறப்படும் ஒன்றில் இக்கோடுகள் அறவே இல்லையெனில், அத்தகடு மாற்றப்பட்டிருக்கலாம். குதிரையின் வாயிலுள்ள கல்லைக் கொண்டு எதனையும் முடிவு செய்தல் ஆகாது. சில பத்து முறை சுட்டபின் கல்லை மாற்றுவதே வழக்கம்.

கட்டை

பொறியைக் கழற்றினால் கட்டையில் அதற்கெனக் குடையப்பட்ட பள்ளம் தெரியும். பள்ளம் பொறியின் வடிவத்தோடு நெருங்கிப் பொருந்தின் இரண்டும் உடன்பிறந்தவை. பள்ளத்தில் மரத்துண்டு வைத்து அடைத்த இடமோ, பயனற்ற பழைய துளையோ காணப்படின், அக்கட்டை முன்பு வேறொரு பொறியைத் தாங்கியிருந்தது என்பது தெளிவு. திரித்துப்பாக்கியின் கட்டையில் பிற்காலத்தில் சக்கிமுக்கிப் பொறி ஏற்றப்பட்டதையும் இவ்வாறே அறியலாம். அழகியதொரு கட்டையின் வெளிப்புறம் தரும் தகவலைவிட இப்பள்ளம் தரும் தகவல் மிகுதி.

வட்டார மரபும் துணைநிற்கும். இலங்கையின் கண்டி மரபுத் துப்பாக்கிகளில் பொறி இடப்புறம் அமைந்திருத்தல் பெருவழக்கு. அதனை அறியாதார் அதனைப் பிழை எனவோ போலி எனவோ தள்ளிவிடக்கூடும்.

எழுத்தும் முத்திரையும்

திப்புவின் பட்டறையில் உருவான உயர்தரத் துப்பாக்கிகளில் புலிவரிக் கோலமும், புலி வடிவக் குதிரையும், ஆண்டுப் பொறிப்பும் காணப்படுகின்றன. இவற்றுள் ஆண்டுப் பொறிப்பே போலியைக் கண்டறியப் பெரிதும் உதவுவது. திப்பு 1787இல் மௌலூதி என்னும் புதிய ஆண்டுமுறையைப் புகுத்தினார். அதன்படி அவ்வாண்டு 1215 ஆகும். இம்முறையில் எண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. 1222 என்னும் ஆண்டு, இடமிருந்து வலமாகப் படிப்போர்க்கு 2221 எனத் தோன்றும். இம்மரபை அறியாத போலிக் கைவினைஞர் எண்ணை வழக்கமான முறையிலேயே வெட்டிவிடுவர். மேலும் 1799இல் திப்பு மறைந்தமையால் அவர் பட்டறைப் பொருளில் மௌலூதி 1215க்கு முந்திய ஆண்டும் 1227க்குப் பிந்திய ஆண்டும் வர இயலாது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரைக்கும் இதுபோன்ற கால வரம்பு உண்டு. தொடக்கத்தில் பொறித்தகட்டில் இதய வடிவ முத்திரை இடப்பட்டது. 1808 முதல் மணிமுடி ஏந்திய சிங்க முத்திரை வழக்கிற்கு வந்தது. சிங்க முத்திரையோடு 1790களின் ஆண்டு பொறித்த தகடு தன்னைத்தானே பொய்ப்பித்துக் கொள்கிறது. எனினும் உண்மையான கம்பெனிப் பொறியை உள்ளூர்க் கொல்லர் தம் துப்பாக்கியில் பயன்படுத்தியிருந்தால் அது போலியாகாது. பகைவரின் பொறியைக் கைப்பற்றித் தமதாக்கிய வரலாற்றுக்கு அதுவே சான்றாகும்.

எழுத்து வெட்டப்பட்ட காலத்தைத் துருவும் காட்டும். பழைய பொறிப்பின் பள்ளத்துக்குள்ளும் காலப்படலம் சீராகப் படர்ந்திருக்கும். துருக்குழிகளின் மேலேறி வெட்டப்பட்ட எழுத்து, துருவுக்குப் பின் வந்ததாகும். இத்தகைய மோசடிக்குத் தூண்டுதல் சிறிதன்று: 2015 ஏப்ரலில் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்புவின் சக்கிமுக்கி வேட்டைத் துப்பாக்கி ஒன்று 722,500 பவுண்டுக்கு விலைபோயிற்று.

நிலையும் பாதுகாப்பும்

மூலத்தன்மையும் நிலையும் வெவ்வேறானவை. பளபளக்கும் துப்பாக்கி நல்ல நிலையில் உள்ளது எனக் கருதுவது பொதுவான மயக்கம். உப்புத்தாளால் தேய்த்த குழலில் கொல்லர் குறி, முத்திரை, காலப்படலம் மூன்றும் ஒருங்கே அழிகின்றன. அடர்பழுப்பாக இறுகிய துரு பெரும்பாலும் அடங்கிய துரு, அதனை விட்டுவைக்கலாம். செம்மஞ்சள் நிறத்தில் பொடியாக உதிர்வது வளரும் துரு. அதற்கே சிகிச்சை தேவை.

ஜொகூர் மாநிலத்தின் தம்போய் போன்ற இடத்தில் வாழும் குடும்பம் ஒன்றன் பழைய பேழையிலிருந்து இத்தகைய பொருள் கிட்டுமாயின், ஈரப்பதமே அதன் முதற்பகை. ஆண்டு முழுதும் மழை பெய்யும் அப்பகுதியில் காற்றின் ஈரப்பதம் இரும்பைத் துருவேற்றும் அளவிலேயே நிற்கிறது. மரத்துக்குக் கரையான் அச்சமும் உண்டு. இரும்பும் மரமும் இணைந்த பொருளுக்கு 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் ஏற்றது. பருத்திக் கையுறை அணிந்து கையாளுதல், உலர்ந்த மென்துணியால் துடைத்தல், இரும்பின்மேல் நுண்படிக மெழுகை மெல்லிதாகப் பூசுதல் ஆகியவை போதுமானவை. கட்டைக்கு மெருகெண்ணெய் பூசுதல் கூடாது. பழைய வில் முறியக்கூடுமாதலின் குதிரையை இழுத்து விடுதலும் தவிர்க்கத்தக்கது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்பதால், இத்தகைய பொருள் கிடைத்தவுடன் காவல் துறையினருக்குத் தெரிவிப்பதே முறை.

முடிவுரை

ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கியை முழுமையாக அசல் என்றோ போலி என்றோ ஒரே சொல்லில் முடிப்பது ஆய்வாகாது. குழல் யாருடையது, பொறி எப்போது ஏறியது, கட்டை எத்தனை முறை மாறியது, எழுத்து துருவுக்கு முந்தியதா பிந்தியதா எனத் தனித்தனியே வினவி, விடைகளை நிழற்படத்துடன் பதிவு செய்தல் வேண்டும். பழுது பார்த்த தடத்தை அழித்து ‘புதுப்பிக்க’ முனைவது, பிழை கண்ட ஏட்டைக் கிழித்தெறிவதை ஒக்கும். பினாங்குக்கு வந்தவர்களின் பெயர்கள் ஆவணங்களில் எஞ்சின. அவர்கள் ஏந்திய படைக்கலங்களோ பறிபோயின. அத்தலைமுறையின் கொல்லர்கள் எழுத்தில் தம் வரலாற்றை விட்டுச் செல்லவில்லை. எஞ்சியிருக்கும் இரும்பையும் மரத்தையும் தேய்க்காது காப்பதே, அவர்தம் கைத்திறனை இனிவரும் ஆய்வாளர் கற்பதற்குரிய ஒரே வழியாகும்.