அயலாரும் விலக்கப்பட்டவரும்: ஆமிஷ், பார்சி சமூகங்களின் எல்லைகள்

தமக்குள் ஒடுங்கி வாழும் சமயக் குழுக்கள் அயலாரை வெறுப்பவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. அமெரிக்காவின் ஆமிஷ் மக்களையும் இந்தியப் பார்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் அது நிலைப்பதில்லை. அயலாரிடம் இரு சமூகத்தாரும் பெரும்பாலும் இணக்கமாகவே பழகுகின்றனர். கண்டிப்பின் முழுப் பாரமும் எல்லை தாண்டிய சொந்த மக்கள் மீதே விழுகிறது.

ஆமிஷ் பிரிவு 1693இல் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதி அனபாப்டிஸ்டு கிறிஸ்தவர்களிடையே யாக்கோப் அம்மான் தலைமையில் தோன்றியது. விலக்கப்பட்டவரை எவ்வளவு கடுமையாக ஒதுக்குவது என்பதே அன்றைய சச்சரவின் மையம். குழந்தைகளுக்கு இங்கே ஞானஸ்நானம் இல்லை. வளர்ந்தபின் தாமே உறுதிமொழி கொடுத்துச் சபையில் சேர வேண்டும். சேராமலே வெளியேறும் இளைஞர் மீது விலக்கு இல்லை. சேர்ந்தபின் மீறியவருக்கே அது உண்டு. அவர் குடும்ப விருந்துக்கு வரலாம், ஆனால் தனி மேசையில்தான் உண்ண வேண்டும். சில வீடுகளில் இரு மேசைகளைச் சிறிது இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்துவிடுவார்கள். விதியும் மீறப்படுவதில்லை, பெற்றவள் மனமும் அதிகம் நோவதில்லை. விலக்கப்பட்டவர் ஓட்டும் காரில் ஏறக் கூடாது. அயலார் ஓட்டும் வாடகைக் காரில் ஏறலாம். 2006இல் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் பள்ளியில் ஐந்து ஆமிஷ் சிறுமிகளைச் சுட்டுக் கொன்று தானும் இறந்தவர் அயலார்தான். ஆமிஷ் மக்கள் அவருடைய குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லப் போனார்கள்; அடக்கத்திலும் கலந்துகொண்டார்கள்.

பார்சிகளின் எல்லை பிறப்பால் அமைவது. ஜம்சேத்ஜி ஜீஜீபாயின் கொடையில் எழுந்த பம்பாய் மருத்துவமனை எல்லோருக்கும் உரியது. அக்னி ஆலயமோ பார்சி அல்லாதவருக்கு மூடியது. இந்த ஏற்பாட்டை அயலார் பெரிதாகக் குறை சொன்னதில்லை. வழக்குகள் உள்ளிருந்தே எழுந்தன. பார்சித் தந்தைக்கும் அயல் தாய்க்கும் பிறந்து முறைப்படி சேர்க்கப்பட்ட பிள்ளைகளைப் பார்சி என்று 1908இல் பம்பாய் உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது. தாய்வழிப் பிள்ளைகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. வெளியில் மணந்த பெண் கணவரின் மதத்தவராகக் கருதப்படுவார் என்று 2012இல் குஜராத் உயர் நீதிமன்றம் கூறியது. மேல்முறையீட்டின்போது, வழக்குத் தொடுத்த பெண் தம் பெற்றோரின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள இடம் தருவதாக வல்சாடு பார்சி அஞ்சுமன் (சமூக அமைப்பு) 2017இல் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. வெளியில் மணந்த ஆணுக்கு இப்படி வழக்காட வேண்டிய தேவை எழவில்லை. பெண்ணுக்கு மட்டும் வேறு அளவுகோல் என்பதே இந்த எல்லையின் பலவீனம்.

1900 வாக்கில் சில ஆயிரமாக இருந்த ஆமிஷ் மக்கள் இன்று சுமார் 4 லட்சம். 1941இல் லட்சத்தைத் தாண்டியிருந்த இந்தியப் பார்சிகள் 2011 கணக்கெடுப்பில் 57,264. பிள்ளைப்பேறும் மணவயதுமே இந்த வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணங்கள். எல்லை விதி அடுத்தபடியாகத்தான் வரும். பார்சிகளின் மகப்பேற்றுக்கு உதவ 2013இல் மத்திய அரசு ‘ஜியோ பார்சி’ திட்டத்தைத் தொடங்கியது. வெளியில் மணந்த பெண்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றிச் சமூகத்துக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.